'குழந்தை உங்ககிட்டதானே இருந்துச்சு?': கூட்டத்தில் துறுதுறு குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது யார் வேலை?

நாலு நிமிஷம். போன வைகாசியில் உறவினர் வீட்டுக் கல்யாண ரிசப்ஷனில் என் அக்கா பையன் காணாமல் போனதற்கும் திரும்பக் கிடைத்ததற்கும் நடுவில் இருந்த நேரம் அவ்வளவுதான். பிறகு கல்யாண வீடியோவை ஓடவிட்டுக் கணக்குப் பார்த்தோம்.

அவனுக்கு அப்போது ரெண்டு வயசு, ரெண்டு மாசம். வீட்டில் அவன் பெயர் 'வாலு'. கால்ல சக்கரம் கட்டின ரகம். மண்டபத்தில் அன்றைக்கு எப்படியும் நானூறு பேர். அதில் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடியவர்கள் மட்டும் நாற்பது பேராவது இருப்பார்கள். அக்கா மேடையில் மணப்பெண்ணுக்குப் பக்கத்தில். மாமா பந்தியில். குழந்தை என் கையில். குடும்பப் போட்டோவுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். பக்கத்தில் இருந்த அத்தையிடம், "இவனைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க அத்தை" என்று சொல்லி, இறக்கிவிட்டுப் போனேன். அத்தை தலையாட்டினார். அவர் தலையாட்டியது எதிரில் வந்த வேறு யாருக்கோ என்பது அப்புறம்தான் தெரிந்தது.

கிடைத்த இடம் சமையல்கட்டு. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஒரு அக்கா அவனைத் தக்காளிக் கூடைமேல் உட்காரவைத்து, கையில் ஒரு அப்பளத்தைக் கொடுத்து, "யார் வீட்டுப் பிள்ளைய்யா நீ?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால், அந்தக் கூடையிலிருந்து நாலு எட்டில், தரையில் இறக்கிவைத்த ரசம் அண்டா. மூடி இல்லை. ஆவி பறந்துகொண்டிருந்தது.

அன்றைக்கு ராத்திரி வீட்டுப் பஞ்சாயத்தில் முதலில் திட்டு வாங்கியது அந்த ரெண்டு வயசுக்காரன்தான். "ஒரு இடத்துல நிக்கிறானா பாரு!" அடுத்தது அக்கா. "பெத்தவளுக்கு ஒரு கண்ணு இருக்க வேணாமா?" கையில் வைத்திருந்த என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அத்தையையும் சொல்லவில்லை. அந்த உறுத்தலில் தேடிப் படித்ததும், டெஸ்க்கில் பேசியதும் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை.

'நில்லு'ன்னா ஏன் நிற்பதில்லை?

முதலில் அந்த முதல் திட்டைப் பார்த்துவிடலாம். ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயது வரைக்கும் குழந்தைக்குக் காலில் ஆக்ஸிலரேட்டர் வந்துவிடுகிறது, மூளையில் பிரேக் வந்திருக்காது. ஓடுவது, ஏறுவது, இழுப்பது, கையில் கிடைத்ததை வாயில் வைப்பது எல்லாம் அந்த வயதின் வேலை. அதுதான் அவர்களுடைய படிப்பு. ஆரம்பித்த ஒரு செயலைப் பாதியில் நிறுத்துவது என்பது தனித் திறமை. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி அதைப் பார்த்துக்கொள்கிறது. மூன்று வயதுக்கு மேல்தான் அந்தத் திறமை கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். முழுதாக முதிர இருபது வயதும் தாண்டிவிடும். (என் வயதுக்காரர்களுக்கே இன்னும் வேலை நடந்துகொண்டிருக்கிறது என்பது ஒரு ஆறுதல்.)

சோவியத் உளவியல் அறிஞர் அலெக்சாண்டர் லூரியா 1950களில் இதை எளிமையான ஒரு சோதனையில் பார்த்தார். சின்னக் குழந்தைகளின் கையில் அமுக்கக்கூடிய ஒரு ரப்பர் குமிழைக் கொடுத்தார். 'அமுக்கு' என்றால் அமுக்கினார்கள். 'அமுக்காதே' என்றால் கையை விட வேண்டும் இல்லையா? நிறைய குழந்தைகள் இன்னும் அழுத்தி அமுக்கினார்கள். அந்த வயதில் பெரியவர்களின் குரல் ஒரு செயலைத் தூண்டிவிடும், ஆனால் நிறுத்தாது என்பது லூரியாவின் விளக்கம்.

இதை அப்படியே ரயில்வே பிளாட்பாரத்துக்குக் கொண்டுவாருங்கள். பின்னாலிருந்து "ஓடாதே!" என்று கத்துகிறோம். குழந்தை திரும்பிப் பார்த்து, சிரித்து, இன்னும் வேகமாக ஓடுகிறது. நமக்கு அது அடங்காமை. அதற்குக் கேட்டது 'ஓடு' என்ற பாதி மட்டும்தான். அப்புறம் நாம் துரத்த ஆரம்பித்தால், அதைவிட நல்ல விளையாட்டு உலகத்தில் உண்டா?

அதனால் 'ஓடாதே'க்குப் பதில் 'நட', 'கையைப் பிடி', 'இங்கே வா' என்று செய்ய வேண்டியதைச் சொல்வது மேல். நாம் சின்ன வயதில் விளையாடிய 'ஸ்டாச்சு' இதற்கு அருமையான பயிற்சி. வீட்டுக் கூடத்தில், பார்க்கில் தினமும் விளையாடினால், 'ஸ்டாச்சு' என்ற சத்தத்துக்கே உடம்பு நின்று பழகும். ஆனால் இதை நம்பி ரோட்டோரத்தில் கையை விடக் கூடாது. பத்து தடவையில் ஏழு தடவை நிற்கிற குழந்தை ரோட்டில் நிற்காத குழந்தைதான்.

இன்னொரு விஷயம் உயரம். இரண்டு வயதுக் குழந்தை சராசரியாக 85 சென்டிமீட்டர் சொச்சம். இன்று தெருவில் ஓடும் சில எஸ்யூவிகளின் பானட் ஒரு மீட்டருக்கும் மேலே. வண்டிக்கு முன்னால் ஒட்டி நின்றாலும் டிரைவருக்குத் தெரியாது. பின்னால் நின்றாலும், ரிவர்ஸ் கேமரா இல்லையென்றால் தெரியாது. மண்டப வாசலிலும் ஷாப்பிங் மால் பார்க்கிங்கிலும் வண்டிகள் மெதுவாகத்தான் நகர்கின்றன, நமக்கு அங்கே பயம் வருவதில்லை. உண்மையில், பார்க்கிங்கில் குழந்தை தரையில் இருக்கவே கூடாது. கார் கதவைத் திறக்கும்போதிலிருந்து கட்டடத்துக்குள் நுழையும்வரை இடுப்பில் இருக்க வேண்டும். பை, தண்ணீர் பாட்டில் எல்லாம் அப்புறம்.

நாற்பது பேர் பார்த்தால்...

என் கதைக்குத் திரும்புகிறேன். வீட்டில் அக்கா தனியாக இருக்கும்போது வாலு இதுவரை காணாமல் போனதே இல்லை. அவள் பாத்ரூம் போவதாக இருந்தால்கூட கதவைத் திறந்துவைத்துக்கொண்டு போகிறவள். அவன் தொலைந்தது, அவனைப் பார்த்துக்கொள்ள நாற்பது பேர் இருந்த இடத்தில்.

இது விபரீதமாகத் தெரியலாம், ஆனால் உளவியலில் பழைய விஷயம். 1968இல் ஜான் டார்லி, பிப் லட்டானே என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். தனித்தனி அறைகளில் உட்கார்ந்து இன்டர்காமில் பேசிக்கொண்டிருக்கும்போது, ஒருவருக்கு வலிப்பு வருவதுபோல குரல் கேட்கும். அது தனக்கு மட்டும்தான் கேட்கிறது என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் அந்தக் குரல் அடங்குவதற்குள் உதவிக்கு எழுந்தார்கள். இன்னும் நான்கு பேருக்கும் கேட்கிறது என்று நினைத்தவர்களில் 31 சதவீதம்தான். மற்றவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. 'வேற யாராவது போயிருப்பாங்க' என்று நினைத்தவர்கள்.

கல்யாணம், கோயில் திருவிழா, பீச், குலதெய்வக் கோயில் கெடா விருந்து என்று நம் ஊரில் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகும் எல்லா இடத்திலும் இதுதான் நடக்கிறது. 'எல்லாரும் இருக்காங்க, பார்த்துப்பாங்க' என்பதுதான் அங்கே இருக்கும் ஒரே ஏற்பாடு.

மாற்று வழி ரொம்பச் சின்னது. சொல்லவே கொஞ்சம் கூச்சமாக இருக்கும். வெளிநாடுகளில் நீச்சல் குளத்துக்குக் கூட்டமாகப் போகும் குடும்பங்கள் சிலவற்றில் ஒருவர் கழுத்தில் ஒரு அட்டையை மாட்டிக்கொள்வார். அட்டை யார் கழுத்தில் இருக்கிறதோ, அவர் அந்தப் பதினைந்து, இருபது நிமிடத்துக்குப் போனைத் தொடக் கூடாது, அரட்டை கூடாது, தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நேரம் முடிந்ததும் அட்டை அடுத்தவர் கழுத்துக்குப் போகும். இதற்கு நமக்கு அட்டைகூட வேண்டாம். குழந்தையைக் கொடுக்கும்போது கண்ணைப் பார்த்து, "பாப்பா இப்போ உங்ககிட்ட" என்று சொல்லி, "சரி, என்கிட்ட" என்று பதில் வந்த பிறகு கையை விட்டால் போதும். பதில் வரவில்லையென்றால் கொடுக்கவில்லை என்று அர்த்தம். நான் அத்தையிடம் அந்த மூணு செகண்ட் நின்றிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

போனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நீங்கள் இதைப் போனில்தான் படிக்கிறீர்கள். வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜைப் படித்து, ஒரு தம்ஸ்-அப் போட்டு, தலையை நிமிர்த்தப் பத்து செகண்ட் ஆகும். ஓடுகிற குழந்தை செகண்டுக்கு ஒரு மீட்டர் என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும், அதற்குள் பத்து மீட்டர் போயிருக்கும். அம்மாக்கள் போன் பார்ப்பதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று ஃபார்வர்டு அனுப்பும் மாமாக்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நாள் முழுக்க ஒரே ஆள் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த ஆள் ஏதோ ஒரு நிமிடத்தில் போனை எடுக்கத்தான் செய்வார். ஷிஃப்ட் போட்டால் எடுக்க வேண்டியிருக்காது.

பயப்படுகிறோம், ஆனால் வேறு எதற்கோ

பொது இடத்தில் குழந்தை என்றதும் நம் மனதில் முதலில் வருவது பிள்ளை பிடிக்கிறவன். அந்தப் பயம் என்ன செய்யும் என்பதை 2018இல் பார்த்தோம். வாட்ஸ்அப்பில் குழந்தைக் கடத்தல் வதந்தி பரவிக்கொண்டிருந்த மே மாதம். திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்தில், குலதெய்வக் கோயிலுக்குப் போகும் வழியில் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்த வயதான பெண்மணி ஒருவரைக் கடத்தல்காரி என்று நினைத்து ஊர்க்கூட்டம் அடித்துக் கொன்றது. உடன் வந்த உறவினர்களும் படுகாயம் அடைந்தார்கள். அதற்கு அப்புறம், தனியாக அழுதுகொண்டு நிற்கும் குழந்தையின் கையைப் பிடிக்க ஒரு ஆண் எத்தனை தடவை யோசிப்பார்? எங்கள் வாலுவைக் கூடைமேல் உட்காரவைத்த அந்த அக்கா மாதிரியானவர்கள்தான் தொலைந்த குழந்தைக்கு முதல் பாதுகாப்பு. அவர்களைத்தான் நாம் சந்தேகத்தோடு பார்க்கப் பழகியிருக்கிறோம்.

கடத்தல் நடப்பதே இல்லை என்று சொல்லவில்லை. இரண்டு வயதுக் குழந்தைக்கு அதைவிடப் பக்கத்தில் இருக்கும் ஆபத்துகள் ரொம்பச் சாதாரணமானவை, அதனாலேயே கண்ணில் படுவதில்லை.

தண்ணீர் முதலில். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் உலகம் முழுக்க நீரில் மூழ்கி இறந்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர். அதில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை. சினிமாவில் வருவதுபோல் கையை ஆட்டிக் கத்த மாட்டார்கள். வாய் தண்ணீருக்குள் இருக்கும்போது சத்தம் எப்படி வரும்? சின்னக் குழந்தை மூழ்குவது பெரும்பாலும் சத்தமே இல்லாமல்தான். கடல்தான் வேண்டும் என்றில்லை. ரிசார்ட்டின் நீச்சல் குளம், கோயில் தெப்பக்குளத்துப் படி, மண்டபத்துப் பின்பக்கம் பாதி மூடிய சம்ப், மழை பெய்து நிரம்பிய கட்டடப் பள்ளம், ஏன், தண்ணீர் நிரப்பிய ஒரு பக்கெட்கூடப் போதும். குழந்தையைக் காணோம் என்றால் முதலில் ஓட வேண்டியது தண்ணீர் இருக்கும் திசைக்கு. ஐஸ்கிரீம் கடைக்கு அப்புறம் போகலாம்.

அடுத்தது சூடு. கொதிக்கும் சாம்பார், ரசம் அண்டாவில் குழந்தை விழுந்த செய்திகள் கல்யாண சீசனில் வருவதை நீங்களும் படித்திருப்பீர்கள். நம் சமையல் முறையில் பெரிய பாத்திரங்களைத் தரையில்தான் இறக்கிவைக்கிறார்கள். அந்த விளிம்பின் உயரம் கிட்டத்தட்ட குழந்தையின் இடுப்பு உயரம். எட்டிப் பார்த்தால் தலை பாரம் உள்ளே இழுத்துவிடும். சின்னச் சூடு பட்டால் ஓடும் சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம் வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பேஸ்ட், இங்க், மாவு, ஐஸ் எதுவும் வேண்டாம்.

எஸ்கலேட்டரில் செருப்பு. க்ராக்ஸ் மாதிரி மெத்தென்ற ரப்பர் செருப்பு எஸ்கலேட்டரின் பக்கவாட்டு இடுக்கில் சிக்கி, காலையும் சேர்த்து இழுத்த சம்பவங்களுக்குப் பிறகு, அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2008இலேயே எச்சரிக்கை வெளியிட்டது. குழந்தையைப் படியின் நடுவில் நிறுத்தி, கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். முடிந்தால் லிஃப்ட். மேலேயும் கீழேயும் ஒரு சிவப்பு பட்டன் இருக்கும். எது சிக்கினாலும் முதலில் காலை இழுக்காமல் அந்த பட்டனை அமுக்கச் சொல்லிக் கத்துங்கள்.

யாரும் யோசிக்காத ஒன்று திருவிழாக் கடையில் இருக்கிறது. பளிச் பளிச் என்று எரியும் மோதிரம், விசிறி, கொம்பு வைத்த ஹேர்பேண்ட், வானத்தில் எகிறி இறங்கும் ஹெலிகாப்டர். பீச்சில் சாயங்காலம் ஆனால் நூறு கை நீட்டும். அதில் நிறைய பொம்மைகளுக்குள் பட்டன் பேட்டரி உண்டு. திருகாணிகூட இல்லாத பிளாஸ்டிக் மூடி, ஒரு தடவை கீழே போட்டால் பிளந்துகொள்ளும். அந்தப் பேட்டரியை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே திசுவை அரித்துப் புண்ணாக்கிவிடும். காசு விழுங்கின மாதிரி 'நாளைக்கு வெளியே வந்துடும்' என்று காத்திருக்கும் விஷயம் இல்லை. சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல் நேரே எக்ஸ்ரே இருக்கும் ஆஸ்பத்திரி. உடைந்த பலூன் துண்டும் அப்படித்தான், தொண்டையை அப்பிக்கொள்ளும். வேர்க்கடலையை நாலு வயது வரை முழுசாகக் கொடுக்க வேண்டாம் என்பது குழந்தை மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது. சுண்டல் என்றால் மசித்துக் கொடுங்கள்.

கயிறு கட்டினால் தப்பா?

வெளிநாட்டில் இருந்து வந்த நண்பர் ஒருவர் தன் குழந்தைக்கு முதுகுப் பையோடு சேர்ந்த ஒரு வார் மாட்டி, அதன் நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு எக்மோர் ஸ்டேஷனில் நடந்தார். எதிரில் வந்தவர்கள் பார்த்த பார்வையை மறக்க முடியாது. "நாய்க்குட்டியா இது?" என்று ஒரு பாட்டி நேராகவே கேட்டுவிட்டார். சமூக வலைதளத்தில் இப்படி ஒரு வீடியோ வந்தால் கமென்ட் பகுதியில் ரெண்டு நாளைக்குச் சண்டை.

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன்: பிளாட்பாரம், ஏர்போர்ட், ரங்கநாதன் தெரு மாதிரி இடங்களில் வார் மாட்டுவதில் ஒரு அசிங்கமும் இல்லை. கையை முறுக்கிப் பிடித்து இழுத்துக்கொண்டு போவதைவிட அது மரியாதையானது. கை வலிக்காது, தோள் பிசகாது, குழந்தை தன் காலில் நடக்கும். மார்பைச் சுற்றி வரும் வாராக இருக்க வேண்டும், கழுத்துப் பக்கம் எதுவும் வரக் கூடாது. ராட்டினத்திலும் எஸ்கலேட்டரிலும் கழற்றிவிட வேண்டும், சிக்கிக்கொள்ளும். பார்க்குக்கும் புல்வெளிக்கும் அது தேவையே இல்லை. அங்கே ஓடட்டும். ரயில் ஏறுவதற்கு முன்னால் அரை மணி நேரம் ஓடவிட்டால் ரயிலில் நமக்கும் நிம்மதி.

நாய்க்குட்டி வாதம் பேசுபவர்களுக்கு ஒரு தகவல். குழந்தைக்கு வார் கட்டச் சொல்லி நம் நாட்டில் சட்டமே இருக்கிறது. 2022 பிப்ரவரியில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் கொண்டுவந்த திருத்தப்படி, 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள குழந்தையை பைக்கில் கூட்டிப்போனால், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்பு வாரும் குழந்தைக்குரிய ஹெல்மெட்டும் வேண்டும். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. 2023 பிப்ரவரியில் இருந்து அமல். நேற்று நீங்கள் பார்த்த பைக்குகளை நினைத்துப் பாருங்கள். டேங்க் மேல் உட்கார்ந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு வரும் குழந்தையைப் பார்த்து யாரும் முகம் சுளிப்பதில்லை. எக்மோரில் நடந்த குழந்தையைப் பார்த்துச் சுளித்தார்கள்.

நம் பாட்டிகளிடம் வேறொரு ஏற்பாடு இருந்தது. சலங்கை வைத்த கொலுசு. குழந்தை எந்த அறையில் இருக்கிறது என்று அடுப்படியில் இருந்தே தெரியும். சத்தம் நின்றால்தான் எழுந்துபோய்ப் பார்ப்பார்கள். கல்யாண மண்டபத்து நாதஸ்வரத்திலும் டிஜேயிலும் அது எடுபடாது என்பது வேறு விஷயம்.

இப்போது அந்த இடத்துக்கு ஏர்டேக் வந்திருக்கிறது. பல அப்பாக்கள் அதை வாங்கிக் குழந்தையின் சட்டைக்குள் போட்டுவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். அது ஜிபிஎஸ் கிடையாது. பக்கத்தில் இருக்கும் மற்ற ஐபோன்கள் வழியாகத்தான் அது இருக்கும் இடத்தைச் சொல்லும். திருவிழாக் கூட்டத்தில் எத்தனை பேரிடம் ஐபோன்? தவிர, அதற்குள்ளும் இருப்பது ஒரு பட்டன் பேட்டரிதான். அதன் மூடி எளிதாகத் திறந்துகொள்வது பற்றி ஆஸ்திரேலியாவின் நுகர்வோர் ஆணையம் 2021இல் பெற்றோரை எச்சரித்தது.

இதைவிட உபயோகமானது ஒரு பால்பாயின்ட் பேனா. காணும் பொங்கலன்று மெரினாவில் பெற்றோரின் போன் நம்பர் எழுதிய பட்டையைக் குழந்தைகளின் கையில் போலீஸார் கட்டிவிடுகிறார்கள். அதை நாம் வருடத்தில் ஒரு நாளோடு நிறுத்த வேண்டியதில்லை. நம்பர் மட்டும் போதும், பெயர் வேண்டாம். பெயர் சொல்லிக் கூப்பிடுகிற யாரையும் குழந்தை தெரிந்தவர் என்று நினைத்துவிடும். இரண்டு நம்பர் எழுதுங்கள். தேடுகிற பதற்றத்தில் ஒரு போன் சைலன்ட்டில்தான் இருக்கும். கிளம்பும் முன் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். 'என்ன கலர் சட்டை?' என்று கேட்டால் அந்த நேரத்தில் சத்தியமாக ஞாபகம் வராது. அக்காவுக்கு வரவில்லை. 'மஞ்சள்' என்றாள். அன்றைக்கு அவன் போட்டிருந்தது பச்சை.

காணோம் என்றால்...

கூச்சப்படாமல் கத்த வேண்டும். இதுதான் முதல் வேலை. ஆனால் பெரும்பாலும் நாம் செய்வது, முகத்தில் காட்டிக்கொள்ளாமல் அங்கேயும் இங்கேயும் எட்டிப் பார்ப்பது. நானும் முதல் ஒரு நிமிஷம் அதைத்தான் செய்தேன். 'கல்யாண வீட்டுல சீன் போட வேணாம்' என்ற நினைப்பு. பெயரைச் சொல்லிக் கத்துவதால் சுற்றி இருப்பவர்களுக்கு ஒன்றும் புரியாது. "ரெண்டு வயசுப் பையன், பச்சை சட்டை, பார்த்தீங்களா?" என்று கத்தினால் அங்கிருக்கும் அத்தனை பேரும் தேட ஆரம்பித்துவிடுவார்கள். ஒருவர் வாசலுக்கு, ஒருவர் தண்ணீர்ப் பக்கம், ஒருவர் கடைசியாகப் பார்த்த இடத்திலேயே நிற்க வேண்டும். மைக் இருந்தால் பாட்டை நிறுத்திவிட்டு மைக்கில் சொல்லுங்கள். 112க்கோ, குழந்தைகளுக்கான 1098க்கோ கூப்பிட 'இன்னும் கொஞ்சம் தேடிப் பார்ப்போம்' என்று காத்திருக்க வேண்டாம். ரயில் நிலையம், ரயில் என்றால் 139. 1098, 1996இல் மும்பையில் தொடங்கிய சேவை. இன்று 24 மணி நேரமும் கட்டணமில்லாமல் இயங்குகிறது.

தொலைந்த குழந்தை உங்கள் கண்ணில் பட்டால்? தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். அதே இடத்தில் பக்கத்தில் உட்காருங்கள், அங்கிருக்கும் இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள், 1098க்கோ 112க்கோ அடியுங்கள். பெற்றவர்கள் திரும்பி வருவது அநேகமாக அந்த இடத்துக்குத்தான்.

பெற்றவர்கள் மட்டும்தானா?

இதுவரை சொன்னதெல்லாம் குடும்பம் செய்ய வேண்டியது. பாதிப் பொறுப்பு இடத்தை நடத்துகிறவர்களுக்கு. மண்டபத்தில் சமையல்கட்டுக்கும் ஹாலுக்கும் நடுவில் ஒரு மீட்டர் உயரத்துக்கு ஒரு அரைக் கதவு, வெளிப்பக்கம் தாழ்ப்பாள். ஒரு நாள் வாடகையில் எத்தனை பங்கு ஆகும்? சம்புக்குப் பூட்டுப் போட்ட இரும்பு மூடி. பார்க்கிங்கில் ரிவர்ஸ் எடுக்கும்போது கூட நிற்க ஓர் ஆள். மண்டபம் புக் செய்யப் போகும்போது ஏசி எத்தனை டன், பார்க்கிங்கில் எத்தனை கார் என்று கேட்கிறோம். சமையல்கட்டுக்குக் கதவு இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் வைப்பார்கள்.

அமெரிக்காவில் 1981இல் ஃபுளோரிடா மால் ஒன்றில் ஆடம் வால்ஷ் என்ற சிறுவன் கடத்திக் கொல்லப்பட்டான். அவன் பெயரில் 1994இல் வால்மார்ட் கடைகள் 'கோட் ஆடம்' என்ற நடைமுறையைத் தொடங்கின. குழந்தையைக் காணோம் என்று ஒருவர் சொன்னதும் அடையாளத்தை ஒலிபெருக்கியில் சொல்வார்கள், வாசல்களில் ஆள் நிற்கும், ஊழியர்கள் எல்லாரும் தேடுவார்கள், பத்து நிமிடத்தில் கிடைக்கவில்லை என்றால் போலீஸ். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. நீங்கள் வாரம் தவறாமல் போகும் மாலின் செக்யூரிட்டியிடம் ஒருமுறை சும்மா கேட்டுப் பாருங்கள்: "அண்ணா, குழந்தை தொலைஞ்சா நீங்க என்ன செய்வீங்க?"

விதி எழுதுவது நமக்கு வராத வேலை இல்லை. கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறுகளை மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இலேயே விரிவாக வழிகாட்டுதல் கொடுத்தது. ஒன்பது வருடம் கழித்து, 2019 அக்டோபரில், மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று மூடாத கிணற்றுக்குள் விழுந்து, நாம் எல்லோரும் நாட்கணக்கில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். குழந்தை உயிரோடு திரும்பவில்லை.

கூட்ட நெரிசலைப் பற்றி மட்டும் வேறு மாதிரி சொல்ல வேண்டியிருக்கிறது. 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் இறந்த 41 பேரில் குழந்தைகளும் இருந்தார்கள். ஒரு சதுர மீட்டரில் ஐந்து பேருக்கு மேல் நெருங்கிவிட்டால் யாரும் தன் இஷ்டத்துக்கு நகர முடியாது, கூட்டம்தான் நகர்த்தும். அங்கே ஷிஃப்ட், வார், போன் நம்பர் எதுவும் வேலை செய்யாது. கூட்டத்துக்கு இடம், வழி, எண்ணிக்கை எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டியது நடத்துகிறவர்களும் அனுமதி கொடுக்கிறவர்களும். அந்த நம்பிக்கை வருகிறவரைக்கும் தோளில் குழந்தையோடு போக வேண்டாம் என்று மட்டும்தான் என்னால் எழுத முடியும்.

ஆவணியில் எங்கள் வீட்டில் இன்னொரு கல்யாணம். அக்கா இந்த முறை ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு பட்டியலே போட்டுவிட்டாள், வாலுவுக்கு யார், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று. சித்தப்பா, "என்னம்மா, பேங்க் செக்யூரிட்டி மாதிரி" என்று சிரிக்கும் எமோஜி போட்டார். அவருக்கு 6.30 முதல் 7 வரை. அத்தைக்கு 7 முதல் 7.30. எனக்கு 7.30 முதல் 8. குடும்பப் போட்டோ எடுக்கும் நேரம் அதுதான். வேண்டுமென்றேதான் போட்டிருக்கிறாள் என்று நினைக்கிறேன்.